கணக்கு யார் கையில்? அமெரிக்கா சொல்லும் சேதி

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் செயலாளர் பேசியது. மலருக்காக அவரே எழுதித் தந்தது.)



நான் இன்றைக்குப் பேசப்போவது அமெரிக்க வரலாறு. சிரிக்காதீங்க. மலர்க்குழுவில் என்ன தலைப்பு என்று கேட்டபோது இதைச் சொன்னேன். உடனே ஒரு தங்கச்சி, "ஏன்க்கா, நமக்கு எறையூர் வரலாறே முழுசாத் தெரியாது, அமெரிக்கா எதுக்கு?" என்றாள். நியாயமான கேள்விதான். அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

நம் காட்டில் போடுகிற மக்காச்சோளம் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். மெக்சிகோ பக்கத்து மக்கள் பல ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒரு புல்லிலிருந்து வளர்த்தெடுத்தது. 2018-ல் அந்த மக்காச்சோளத்தைக் குருத்தோடு தின்று தீர்த்ததே படைப்புழு, அதுவும் அங்கே பிறந்ததுதான். 2016-ல் ஆப்பிரிக்காவில் தென்பட்டது. 2018-ல் கர்நாடகத்தில் இறங்கியது. அந்த வருஷமே பெரம்பலூர், அரியலூர் காடுகளுக்கு வந்து சேர்ந்துவிட்டது. காலையில் போய்ப் பார்த்தால் குருத்துக்குள் மரத்தூள் மாதிரி எச்சம் கிடக்கும், ஞாபகம் இருக்கா? நாம் பாக்கெட்டாக வாங்குகிற பருத்தி விதை, 2002-ல் இந்தியாவில் அனுமதி கொடுத்த விதை, அதன் தொழில்நுட்பமும் ஒரு அமெரிக்கக் கம்பெனி உருவாக்கியது. இப்போது நம் சிப்காட்டில் செருப்புத் தொழிற்சாலை வந்து, நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் வேன் ஏறி வேலைக்குப் போகிறார்கள். அங்கே செய்கிற செருப்பின் பெயரும் அமெரிக்கப் பெயர். அமெரிக்கா நம் வீட்டுக்குள் எப்பவோ வந்தாச்சு. நாம்தான் அதை யார், என்ன என்று விசாரிக்கவில்லை.

நான் பெரிய படிப்பு படித்தவள் இல்லை. என் மகள் வரலாறு எம்.ஏ. முடித்துவிட்டுக் குரூப் தேர்வுக்குப் படிக்கிறாள். அவளுக்குச் சத்தம் போட்டுப் படித்தால்தான் மண்டையில் ஏறும். அவள் படிப்பாள், நான் வெங்காயத்தைக் காம்பு அறுத்துக்கொண்டே கேட்பேன். அமெரிக்கா வந்தபோது மட்டும் கத்தியை வைத்துவிட்டு, "அதை இன்னொரு தடவை படி" என்றேன். பிறகு நானே அது எங்கே, இது எங்கே என்று கேட்டுக் கேட்டு அவளைத் தேடி எடுத்துத் தரச் சொன்னேன். தேர்வுக்கு வராத பாடம் எல்லாம் என்னால் படித்தாள், பாவம்.

பருத்தியிலிருந்து ஆரம்பிக்கிறேன். பருத்தி எடுக்கப் போன கைகள் இங்கே நிறைய இருக்கு. காய்ந்த காயின் ஓட்டு நுனி விரல் இடுக்கைக் கிழிப்பது உங்களுக்குத் தெரியும். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அந்த வேலையை ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக்கொண்டு வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் அடிமைகளாக இருந்து செய்தார்கள். 1793-ல் அங்கே ஒருவர் பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் யந்திரம் செய்தார். யந்திரம் வந்தால் வேலை குறையும் என்றுதானே நினைப்போம்? அங்கே எடுக்கிற வேலை பத்து மடங்காகிவிட்டது. எவ்வளவு பஞ்சு வந்தாலும் அரைக்கலாம் என்றதும் மேலும் மேலும் காட்டை அழித்துப் பருத்தி போட்டார்கள். 1860-ல் அந்த நாட்டில் அடிமைகள் மட்டும் ஏறக்குறைய 40 லட்சம் பேர். சாயங்காலம் ஒவ்வொருவர் கூடையையும் எடை போடுவார்கள். குறைந்தால் சாட்டையடி.

இதிலே ஒரு வேடிக்கை. அந்த ஊர்த் தோட்டக்காரர்கள் சிலரை கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியாவுக்குக் கூட்டி வந்தது, நம்மவர்களுக்குப் பருத்தி போடக் கற்றுக்கொடுக்க. நம் கோயம்புத்தூரில் 1842-லிருந்து பத்து வருஷத்துக்கு மேல் ராபர்ட் வைட் என்ற தாவரவியல் டாக்டர் மேற்பார்வையில் இந்தச் சோதனை நடந்தது. கம்பெனி எதிர்பார்த்த அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. தலைமுறை தலைமுறையாகப் பருத்தி போட்டு, நூல் நூற்று, துணி நெய்து கப்பலேற்றிய மண்ணுக்குப் பாடம் சொல்ல ஆள்! சரி, அது போகட்டும்.

1861-ல் அமெரிக்காவில் வடக்குக்கும் தெற்குக்கும் போர் வந்தது. அடிமை முறை இருக்கணுமா வேண்டாமா என்பதுதான் அடிப்படைக் காரணம். வடக்குக் கப்பல்கள் தெற்கின் துறைமுகங்களை மறித்துவிட்டன. இங்கிலாந்து மில்களுக்குப் போகும் பஞ்சில் முக்கால் பங்குக்கும் மேல் அங்கிருந்துதான் போனது. அது நின்றதும் இந்தியப் பஞ்சுக்கு விலை எகிறியது. பம்பாய் வியாபாரிகள் கோடீஸ்வரர்கள் ஆனார்கள். உள்நாட்டில் கம்பும் சோளமும் போட்ட நிலத்தில் பருத்தி போட்டார்கள். கடன் கொடுக்க ஆள் வரிசையில் நின்றான். 1865-ல் போர் முடிந்தது. விலை விழுந்தது. கடன் மட்டும் விழவில்லை. ஏன் ஏறியது, ஏன் இறங்கியது என்று அந்தச் சம்சாரிக்கு யாரும் சொல்லவில்லை. நமக்கும் அப்படித்தானே? போன வருஷம் மக்காச்சோளம் ஏன் இந்த விலை, சின்ன வெங்காயம் ஏன் அந்த விலை என்று காரணம் நம் காதுக்கு வருவதற்குள் நாம் விற்றுவிட்டு வந்திருப்போம்.

இனிமேல் சொல்லப்போவதுதான் நான் கத்தியை வைத்துவிட்டுக் கேட்ட இடம்.

போர் முடிந்து அடிமைகள் எல்லோரும் விடுதலையானார்கள். 1865 டிசம்பரில் சட்டத்திலேயே அடிமை முறை ஒழிந்தது. சரி, விடுதலையான மறுநாள் காலையில் என்ன சாப்பிடுவது? நிலம் இல்லை, மாடு இல்லை, காசு இல்லை. படிக்கத் தெரியாது, ஏனென்றால் அடிமைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பது பல மாநிலங்களில் குற்றம். அந்த வருஷம் ஜனவரியில் ஒரு தளபதி, கடற்கரைப் பக்கத்து நிலத்தைக் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை பிரித்துக் கொடுக்க உத்தரவு போட்டார். கொடுக்கவும் செய்தார்கள், ஜனங்கள் உழுது விதைக்கவும் ஆரம்பித்தார்கள். அந்த வருஷம் முடிவதற்குள் புதிதாக வந்த ஜனாதிபதி, பழைய முதலாளிகளுக்கே நிலத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டார்.

அப்புறம் வாரம்தான். நிலம் முதலாளியுடையது, விளைச்சலில் பாதி அவருக்கு. விதை, மாவு, துணி, செருப்பு எல்லாம் கடையில் கடன். கடைக்காரர் என்ன செய்வார்? இன்னும் முளைக்காத பயிரையே அடமானமாக எழுதிக்கொள்வார். ரொக்கத்துக்கு ஒரு விலை, கடனுக்கு வேறு விலை. பருத்திதான் போடணும், வேறு பயிர் போட்டால் கடன் கிடையாது. அறுவடை முடிந்ததும் நோட்டைத் திறந்து, "இந்த வருஷமும் கொஞ்சம் பாக்கி நிக்குது" என்பார். பாக்கி இருந்தால் அந்த நிலத்தை விட்டுப் போக முடியாது. நோட்டில் என்ன எழுதியிருக்கு என்று கேட்க முடியாது. கேட்டாலும் படிக்கத் தெரியாது. இப்படியே மூன்று தலைமுறை போனது.

இதை மகள் படித்தபோது திண்ணையில் இருந்த என் மாமியார், "இதுக்கு எதுக்குடி அமெரிக்கா போறீங்க?" என்றார்.

என் அம்மா வீட்டுக் கதை சொல்கிறேன். அம்மாவுக்கு வேப்பந்தட்டைப் பக்கம் ரெண்டு ஏக்கர் மானாவாரி. விதையும் உரமும் மருந்தும் ஒரு கடையில்தான் கடன். பருத்தியையும் அந்தக் கடைக்கே போட வேண்டும், அது வாய்ப்பேச்சு ஒப்பந்தம். மூட்டைக்கு இவ்வளவு என்று கழிவு பிடிப்பார்கள், தரகு பிடிப்பார்கள், இறக்குகூலி பிடிப்பார்கள். கணக்கு ஒரு சிட்டையில் இருக்கும். அம்மா கை நாட்டு. வருஷா வருஷம் "ஆத்தா, இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு" என்பார் கடைக்காரர். நான் எட்டாவது படிக்கும்போது ஒருநாள் கூடப்போய், "அந்தச் சிட்டையைக் காட்டுங்க, நான் படிச்சுப் பார்க்கிறேன்" என்றேன். அவர் கோபப்படவில்லை. சிரித்தார். "புள்ளை கெட்டிக்காரி" என்று ஒரு மிட்டாய் கொடுத்தார். சிட்டையைக் கொடுக்கவில்லை. அம்மாவும் என்னைத்தான் அதட்டினார், அடுத்த வருஷம் விதைக்கு அங்கேதானே நிற்கணும். அந்தப் பாக்கி எவ்வளவு என்று கடைசி வரை எங்களுக்குத் தெரியாது. 2001-ல் நான் குழுவில் சேர்ந்தபோது மாசம் 30 ரூபாய் சேமிப்பு. என் முதல் உள்கடனை எடுத்து அம்மாவிடம் கொடுத்துப் புரட்டாசி விதையை ரொக்கத்துக்கு வேறு கடையில் வாங்க வைத்தேன். அந்த வருஷம்தான் எங்கள் அம்மா பருத்தியை விலை கேட்டு விற்றார். மூன்று இடத்தில் விலை கேட்டார். வீட்டுக்கு வந்து அதைத்தான் நாலு நாள் பேசினார். கிடைத்த விலையைப் பற்றிப் பேசவில்லை, கேட்டதைப் பற்றித்தான் பேசினார்.

அமெரிக்காவிலும் பருத்தியை விட்டு வெளியே வர ஒரு பூச்சி வரவேண்டியிருந்தது. 1892 வாக்கில் மெக்சிகோவிலிருந்து ஒரு கூன்வண்டு உள்ளே வந்து பருத்திக் காயைத் துளைத்துக்கொண்டே ஒவ்வொரு மாநிலமாக நகர்ந்தது. அலபாமா மாநிலத்தில் என்டர்பிரைஸ் என்ற சிறிய ஊரில் பருத்தி பாழானதும், கடனில் மூழ்கிய ஒரு விவசாயிக்கு ஒருவர் நிலக்கடலை போடப் பணம் கொடுத்து உதவினார். கடலை விளைந்தது, கடன் அடைந்தது, ஊரே கடலைக்கு மாறியது. 1919-ல் அந்த ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அந்த வண்டுக்கே நினைவுச்சின்னம் வைத்தார்கள். இன்றைக்கும் நடுத்தெருவில் இருக்கிறது. ஒரு பெண் சிலை, தலைக்கு மேலே தூக்கிய கையில் பெரிய வண்டு. நம் ஊரில் படைப்புழுவுக்கு யாரும் சிலை வைக்கப்போவதில்லை. ஆனால் அந்தக் கதையில் எனக்குப் பட்டது வேறு. பருத்தி போடச் சொன்னதும் கடன் கொடுத்தவர்தான், கடலை போட முடிந்ததும் கடன் கொடுக்க ஒருவர் வந்ததால்தான். 2018-க்கு அப்புறம் நாம் எத்தனை பேர் வேறு பயிர் யோசித்தோம்? எத்தனை குழு உறுப்பினர் அதற்குக் கடன் கேட்டு விண்ணப்பம் கொடுத்தோம்?

இப்போது வங்கிக் கதை. மேலாளர் சார் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்கணும்.

விடுதலையான மக்கள் சேமிப்பதற்காக 1865 மார்ச் மாதம் ஒரு வங்கி தொடங்கினார்கள். லிங்கன் கையெழுத்துப் போட்ட சட்டம். 5 சென்ட் இருந்தாலும் கணக்குத் தொடங்கலாம். நம் காசில் நாலணா, எட்டணா என்று வைத்துக்கொள்ளுங்கள். துணி துவைப்பவர், சமையல்காரி, வண்டியோட்டி, போர்வீரன் எல்லோரும் போட்டார்கள். 37 கிளைகள். ஒன்பது வருஷத்தில் 5 கோடி டாலருக்கும் மேல் அந்த வங்கி வழியாகப் போய்வந்தது. கடைச் சிட்டையில் பாக்கி நிற்கிற அதே ஜனங்கள், அதிலும் கொஞ்சம் மிச்சம் பிடித்துப் போட்ட பணம். நம் அரிசிப்பானைக்குள் ஒளித்து வைத்த பணம் மாதிரி.

முதலில் போட்ட சட்டத்தில் ஒரு பாதுகாப்பு இருந்தது. இந்தப் பணத்தை யாருக்கும் கடன் கொடுக்கக் கூடாது, பெரும்பங்கை அரசுக் கடன்பத்திரத்தில்தான் போட வேண்டும். வட்டி கொஞ்சம்தான், ஆனால் பணம் பத்திரம். 1870-ல் நிர்வாகிகள் அந்தச் சட்டத்தைத் திருத்த வைத்தார்கள். என்ன திருத்தம்? நிலம், கட்டடத்தின் மேல் கடன் கொடுக்கலாம் என்று. வாஷிங்டனில் மனை விலை ஏறிக்கொண்டிருந்த காலம். தலைமை அலுவலகத்துக்கு அரசாங்கக் கருவூலத்துக்கு எதிரிலேயே பெரிய கட்டடம் கட்டினார்கள். பணம் நிர்வாகிகளுக்குத் தெரிந்தவர்களின் மனை வியாபாரத்துக்கும் கம்பெனிகளுக்கும் போனது. நிதிக் குழுத் தலைவராக இருந்தவரின் அண்ணன் நடத்திய பெரிய கம்பெனிக்கும் போனது. 1873 செப்டம்பரில் அந்தக் கம்பெனி விழுந்தது, நாடே பணமுடையில் விழுந்தது.

அப்புறம்தான் நிர்வாகிகளுக்கு ஒரு யோசனை வந்தது. ஜனங்கள் நம்பிக்கை இழந்து பணத்தை எடுக்க வருகிறார்களே, அவர்கள் நம்புகிற ஆள் ஒருவரைத் தலைவராகப் போடுவோம் என்று. ஃபிரடெரிக் டக்ளஸ் என்று ஒருவர். அடிமையாகப் பிறந்தவர், ஒளித்து ஒளித்து எழுத்துக் கற்றவர், 1838-ல் தப்பித்து ஓடி, பிறகு அமெரிக்காவின் மிகப் பெரிய பேச்சாளர்களில் ஒருவரானவர். 1874 மார்ச்சில் அவரைத் தலைவர் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவர் தன் சொந்தப் பணம் 10,000 டாலரை உள்ளே போட்டார். உட்கார்ந்து பேரேட்டைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் உள்ளே ஒன்றும் இல்லை என்று அவருக்குத் தெரிந்தது. ஜூன் மாதக் கடைசியில் வங்கி மூடப்பட்டது. 61,000 பேருக்கு மேல் பணம் உள்ளே மாட்டிக்கொண்டது, ஏறக்குறைய 30 லட்சம் டாலர். அரசாங்க வங்கி என்றுதான் அவர்கள் அதுவரை நம்பியிருந்தார்கள். அரசாங்கமோ அதற்குப் பொறுப்பேற்கவில்லை. பாதிப் பேருக்கு ரூபாய்க்குப் பத்தணா கணக்கில் வருஷக்கணக்காகத் தவணையில் வந்தது. மிச்சப் பேருக்கு ஒன்றும் இல்லை.

நான் இதைக் கேட்டபோது என் நெஞ்சில் தைத்தது டக்ளஸ் கதைதான். நல்லவர், நாணயமானவர், எல்லோருக்கும் தெரிந்தவர். அவர் மேல் யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் நல்லவரைத் தலைவராகப் போட்டதால் கணக்கு நல்ல கணக்கு ஆகிவிடவில்லை. நம் குழுக்களிலும் "அந்த அக்கா நல்லவங்க, அவங்க பாத்துப்பாங்க" என்றுதானே புத்தகத்தை ஒருத்தரிடம் விட்டுவிட்டு, வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறோம்? அந்த அக்கா நல்லவராக இருப்பது அவருக்கே ஆபத்து. நாளைக்கு ஏதாவது என்றால் மொத்தமும் அவர் தலையில் விழும்.

அந்த வங்கியின் பதிவேடுகளில் இன்னொன்று உண்டு. கணக்குத் தொடங்கும்போது அவரவர் அப்பா அம்மா பெயர், கூடப் பிறந்தவர் பெயர், யாரிடம் அடிமையாக இருந்தார் என்பதையெல்லாம் எழுதி வைத்தார்கள். அடிமைக் காலத்தில் ஒருவரை ஒரு ஊருக்கும் இன்னொருவரை இன்னொரு ஊருக்கும் விற்றுவிட்டதால் குடும்பமே சிதறிப்போனவர்கள். இன்றைக்கு அவர்கள் பேரன் பேத்திகளின் பேரன் பேத்திகள் தங்கள் முன்னோரைத் தேடுவது அந்தப் பதிவேட்டில்தான். பணம் போய்விட்டது, பெயர் மிஞ்சியிருக்கிறது. நம் பழைய தீர்மானப் புத்தகங்களைக் கரையான் அரிக்க விட்டுவிடாதீர்கள். 20 வருஷத்துக்கு முன்னால் வந்த உறுப்பினர் கையெழுத்து அதில் இருக்கு. அவர்களில் சிலர் இப்போது இல்லை.

இப்போது நம் விஷயம். மேடை நாகரிகம் கருதிச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். சிப்காட் வந்த பிறகு நம் பக்கம் மனை விலை ஏறிக்கொண்டே இருக்கிறது. கூட்டமைப்பில் வட்டியாகச் சேர்ந்த தொகை வங்கியில் சும்மா கிடக்கிறது, அதை ஒரு மனையில் போட்டால் ரெண்டு வருஷத்தில் இரட்டிப்பாகும் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. அடுத்த மாதப் பொதுக்குழுவில் தீர்மானத்துக்கு வரும். யோசனை கொண்டுவந்தவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் கொண்டுவரவில்லை, அதையும் இந்த மேடையிலேயே சொல்கிறேன். கூட்டமைப்புக்குச் சொந்தக் கட்டடம் வரணும் என்கிற ஆசையில் சொல்கிறார்கள். ஆனாலும் நான் அதற்கு எதிராகத்தான் கை தூக்குவேன்.

காரணம் எளிமையானது. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது நம்மிடம் கடன் கேட்டு எத்தனை விண்ணப்பம் வரும்? புரட்டாசி விதைப்புக்கு எத்தனை? பிரசவத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு எத்தனை? மனையில் ஒரு மூலையை வெட்டி எடுத்து ஃபீஸ் கட்ட முடியுமா? நம்மிடம் கிடைக்கவில்லை என்றால் அந்தத் தங்கச்சி வாரத் தவணைக் கம்பெனிக்குத்தான் போவாள். ஒரு கம்பெனிக் கடனை அடைக்க இன்னொரு கம்பெனி, அதை அடைக்க மூன்றாவது. செவ்வாய்க்கிழமை காலை வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்துகொள்கிறார்களே, அதற்குப் பயந்து வேப்பமரத்தடியில் போய் ஒளிந்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். அப்படிக் கட்டாய வசூல் செய்வதைத் தடுக்க 2025-ல் நம் அரசு ஒரு சட்டமே கொண்டுவந்தது. சட்டம் வந்தது நல்லது. அந்தத் தங்கச்சி அங்கே போகாமலே இருக்க நம் பெட்டியில் பணம் இருக்கணும்.

2012-ல் ஈமு கோழி என்று போன பணம் எத்தனை ஊரில் திரும்பவில்லை என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதுவும் இரட்டிப்பு என்றுதான் வந்தது.

அமெரிக்கக் கதை இழப்போடு முடியவில்லை. ரிச்மண்ட் என்ற ஊரில் மேகி லீனா வாக்கர் என்று ஒரு கறுப்பினப் பெண். அவருடைய அம்மா துணி வெளுத்துப் பிழைத்தவர். மகள்தான் வெளுத்த துணிக் கூடையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கொடுத்துவிட்டு வருவார். பிறகு, நோய்க்கும் சாவுக்கும் உதவுகிற ஒரு சங்கத்தில் சேர்ந்தார். கிட்டத்தட்ட நம் குழு மாதிரி. 1899-ல் அதற்குச் செயலாளரானபோது சங்கமே முழுகும் நிலையில் இருந்தது. அதைத் தூக்கி நிறுத்தி, முதலில் ஒரு பத்திரிகை, பிறகு 1903-ல் ஒரு வங்கி. பெயரிலேயே "பென்னி", அதாவது சில்லறைக் காசு இருக்கும். அமெரிக்காவில் வங்கி தொடங்கிய முதல் கறுப்பினப் பெண் அவர்தான். பழைய வங்கி விழுந்து 30 வருஷம்கூட ஆகவில்லை, அந்த ஜனங்கள் மறந்திருக்க மாட்டார்கள். எப்படி நம்பினார்கள்? போட்டவர்களும் சங்க உறுப்பினர், கடன் வாங்குபவர்களும் சங்க உறுப்பினர், கணக்கு எழுதியவர்களில் பலர் அந்த ஊர்ப் பெண்கள். அவர்கள் கொடுத்த கடனில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் சொந்த வீடு வாங்கின. அங்கேயும் நிலத்தின் மேல்தான் கடன், ஆனால் உறுப்பினர் குடியிருக்கிற வீட்டுக்கு. 1929-க்குப் பிறகு அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான வங்கிகள் கவிழ்ந்த காலத்தில், வேறு இரண்டு வங்கிகளோடு சேர்ந்து அது தாக்குப்பிடித்தது. மேகி நடத்திய ஒரு ஜவுளிக்கடை மட்டும் சில வருஷத்தில் மூட வேண்டியதாகிவிட்டது. எல்லாம் ஜெயித்தது என்று சொன்னால் நீங்களே நம்ப மாட்டீர்கள்.

இன்னும் ஒரே ஒரு பெண். நேரம் ஆகுது என்று தலைவர் அக்கா மணியைப் பார்க்கிறாங்க, சீக்கிரம் சொல்லிடுறேன்.

1955-ல் மாண்ட்கோமரி என்ற ஊரில் பேருந்தில் முன்பக்கம் வெள்ளைக்காரருக்கு, பின்பக்கம் கறுப்பினத்தவருக்கு. இடம் நிறைந்துவிட்டால் பின்னால் இருப்பவரும் எழுந்து கொடுக்க வேண்டும். டிசம்பர் 1 அன்று ரோசா பார்க்ஸ் என்ற தையல்காரி எழுந்திருக்க மறுத்தார். கைது செய்தார்கள். அன்று ராத்திரியே ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை விடிய விடிய ஆயிரக்கணக்கில் துண்டறிக்கை அச்சடித்தார். பிறகு 381 நாள் கறுப்பின மக்கள் பேருந்தில் ஏறவில்லை. மார்ட்டின் லூதர் கிங் பெயர் எல்லோருக்கும் தெரியும். பேருந்துக்குப் பதிலாக ஓடிய கார்களுக்குப் பெட்ரோல் யார் போட்டது என்று யாரும் கேட்பதில்லை. அதில் ஒரு பங்கு ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரி சேர்த்தது. அவரும் இன்னும் சில பெண்களும் வீட்டில் கேக்கும் கோழி வறுவலும் செய்து விற்று, அந்தப் பணத்தைப் போராட்டத்துக்குக் கொடுத்தார்கள். அந்தக் குழுவுக்கு வைத்த பெயர், "எங்கிருந்தோ வந்த குழு". வெள்ளைக்கார வீடுகளில் வேலை பார்க்கிற பெண்கள் பெயர் வெளியே தெரிந்தால் வேலை போய்விடுமே! யார் கொடுத்தது என்று கேட்டால், எங்கிருந்தோ வந்தது என்று சொல்லிவிடலாம். நீதிமன்றத்தில் சாட்சி சொன்னதற்காக ஜார்ஜியாவுக்கே வேலை போனது. அதற்குப் பிறகு வீட்டையே உணவகம் ஆக்கிக்கொண்டார்.

பெயர் எழுதாத கணக்கு அது. நான் இவ்வளவு நேரம் எழுது எழுது என்று சொல்லிவிட்டு இதைச் சொல்கிறேனே என்று நினைப்பீர்கள். ஆனால் ஒன்று கவனியுங்கள். கொடுத்தவர் பெயரைத்தான் மறைத்தார்களே தவிர, தொகையை மறைக்கவில்லை. வாரக் கூட்டத்தில் அத்தனை பேர் முன்னால் ஜார்ஜியா எழுந்து நடந்து போய், இந்த வாரம் இவ்வளவு என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் கொடுப்பார். கூட்டமே கை தட்டும்.

நமக்கும் அவர்களுக்கும் எல்லாம் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. மனுஷரைச் சந்தையில் விற்ற கொடுமையை எதோடும் ஒப்பிட முடியாது. நமக்கு ஓட்டு இருக்கு, வங்கி இணைப்பு இருக்கு, வருஷா வருஷம் தணிக்கை இருக்கு. இப்போது கணக்கைச் செல்பேசியிலேயே ஏற்றுகிறோம். நல்ல வசதிதான், நானும் ஏற்றுகிறேன். ஆனால் செல்பேசியில் ஏறிய கணக்கை வாசித்துக் காட்டினால்தானே பின்வரிசையில் இருக்கும் பாட்டிக்குத் தெரியும்? என் அம்மாவுக்குச் சிட்டையைக் காட்டாதது மாதிரிதான் அவருக்குச் செல்பேசியும்.

அடுத்த மாதப் பொதுக்குழுவில் மனைத் தீர்மானத்தை எடுக்கும் முன்னால், எந்தக் குழுவுக்கு எவ்வளவு கொடுத்தோம், எவ்வளவு திரும்பியது, கையிருப்பு எவ்வளவு என்று பேரேட்டை முதல் பக்கத்திலிருந்து நான் சத்தமாக வாசிக்கப்போகிறேன். தலைவர் அக்கா சம்மதம் கொடுத்துவிட்டார். ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஊக்குநர், பிரதிநிதிகளோடு இதுவரை பொதுக்குழுவுக்கு வராத ஒரு உறுப்பினராவது வரணும், உங்கள் குழுவின் சொந்த நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வரணும். நான் வாசிக்கிற தொகையும் உங்கள் நோட்டில் உள்ள தொகையும் ஒத்துப்போகுதா என்று பாருங்கள். போகவில்லை என்றால் அங்கேயே எழுந்து சொல்லுங்கள். வாசித்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும். அதனால் டீயை முதலிலேயே கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன்.